நெடுஞ்சாலையின் மறுமுனை

புதுவாயலில் நான் தங்கியிருக்கும் அறைக்கு முன்னால் ஓடுகிற நெடுஞ்சாலை கொல்கத்தாவில் போய் முடிகிறது. அந்த ஊர் சால்ட் லேக் மைதானத்தில், 2023 ஆகஸ்ட் 12 அன்று, டூரண்ட் கோப்பைக் கால்பந்து ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்று நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 60ஆவது நிமிடத்தில் நந்தகுமார் சேகர் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அடித்தார். அந்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது.

நந்தா வியாசர்பாடிப் பையன். ஆட்டோ ஓட்டுநரின் மகன். கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து அந்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்தோஷத்தோடு நெஞ்சும் வலித்தது. நானும் வியாசர்பாடிதான், நானும் விங்கில் ஆடியவன்தான்.

அந்த வெட்டு என் காலுக்குத் தெரியும். நான் ஆடிய முல்லை நகர் கிரவுண்டில் அப்போது புல் கிடையாது, மண்தான். அவசரப்பட்டுத் திரும்பினால் வழுக்கிவிடும். முதலில் தோளை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். டிஃபெண்டர் அதை நம்பிக் காலை மாற்றி ஊன்றுவான். அந்த நொடியில் உள்ளே போய்விட வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தி அண்ணன்கள் சொல்லிக் கொடுத்த பாடம் இது. காசு வாங்கிச் சொல்லித் தந்தவர்கள் இல்லை அவர்கள்.

ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி என்று பந்தாட்டத்துக்காக வேலை கொடுத்த அணிகள்தான் எங்கள் பேட்டையின் கனவு. எனக்கும் வேலை கிடைத்தது, ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு. வீட்டுக் கடன் காத்திருக்கவில்லை. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் முதலில் பயிற்சி போனது, பிறகு ஆட்டமும் போனது. எங்கள் பேட்டையின் தனபால் கணேஷ், இங்கிலாந்துக்கு ஆடிய ஜான் கிரிகரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்.சி.யின் நடுக்களத்தில் ஆடி, 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றபோது நான் மெஷின் முன்னால் நின்றிருந்தேன்.

நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னைப் போல ஸ்டட்ஸைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு வந்தவர்கள் பலர். மணிப்பூர், வங்காளப் பையன்களும் உண்டு. கம்பெனிக்காரர்களே, பெரிதாக எதுவும் வேண்டாம். சமமான ஒரு மண் தரையும் இரண்டு கோல் கம்பமும் போட்டுத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீமை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.