இன்மையும் காணாமையும்

‘இல்லை’ என்பது சொல்லுதற்கு மிக எளிய சொல். நிறுவுதற்கோ மிக அரிய சொல். ஒரு பொருள் உண்டென்று காட்ட வேண்டுமாயின், அதனை எடுத்து முன்வைத்தாற் போதும். இல்லையென்று காட்ட வேண்டுமாயின், அது இருக்கக்கூடிய இடமனைத்தையும் தேடியிருத்தல் வேண்டும். தேடிய கண்ணும் பழுதற்றதாயிருத்தல் வேண்டும். தருக்க வகுப்பிற் கற்பிக்கப்படும் இவ்வுண்மையை மடவளையில் ஒரு குடும்பத்தார் கணினி ஒன்றின் முன்னிருந்து கற்றுக்கொண்டனர்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகமை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது மடவளை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர். அவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய தம்பியார் கத்தாரில் தொழில் புரிந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருவரும் மின்னஞ்சல் வழியே எழுதிக்கொண்டனர். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கூரையின் ஒழுக்கு, மிளகின் விலை என எதையும் தம்பிக்கு எழுதாமல் ஆசிரியருக்கு நாள் கழிவதில்லை. தம்பியார் முன்னரே மறைந்தார். ஆசிரியரும் 2023இல் காலமானார். எஞ்சியவை, வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் மென்பொருளொன்றினுள் அடங்கிக் கிடந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மடல்களே.

சொத்தைப் பங்கிடும் வேளை வந்தபோது ஒரு வினா எழுந்தது. மூத்த மகளின் கல்யாணத்தின்போது ஆசிரியர் அயலூர் மௌலவி ஒருவரிடம் கைம்மாற்றாகப் பணம் வாங்கியதாக அவருடைய மனைவியார்க்கு நினைவிருந்தது. எவ்வளவு வாங்கினார், திருப்பிக் கொடுத்தாரா என்பன தெரியவில்லை. அந்த மௌலவியும் உயிருடன் இல்லை. எழுத்துச் சீட்டு எதுவும் அகப்படவில்லை. இலங்கை முஸ்லிம்களின் மரபுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அமைவது. அச்சட்டத்துக்கு அடிப்படையான மார்க்க நெறியோ, இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே எஞ்சியதைப் பங்கிடலாம் என்று வகுத்துள்ளது. ஆகவே கடன் உண்டா, இல்லையா என்பது பிள்ளைகளுக்கு வெறும் கணக்கு வினாவாக இருக்கவில்லை. வாப்பாவின் பொறுப்பைப் பற்றிய வினாவாயிற்று.

“தம்பிக்கு எழுதாம இருந்திருக்க மாட்டாரு” என்றார் தாயார்.

மூத்த மகன் கணினியைத் திறந்து, தேடற் கட்டத்தில் ‘மௌலவி’ என்று இட்டார். ஒரு கணமும் தாமதியாது விடை வந்தது: பொருந்துவன எவையும் இல்லை. ‘கடன்’ என்று இட்டார். அதற்கும் அதே விடை.

“பாத்தீங்களா உம்மா, ஒன்டும் இல்ல. வாப்பா கடன் வச்சிட்டுப் போகல்ல” என்றார் அவர்.

அருகிலிருந்த இளைய மகள் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிப்பவர். “நானா, இல்லையென்டு சொல்றது கம்ப்யூட்டர்தானே, வாப்பா சொல்லல்லையே” என்றார் அவர்.

வரலாறு கற்பிப்பவர்க்கு இயல்பான ஐயம் அது. அவர் முதலிற் செய்த சோதனை மிக எளியது. எனினும் இத்தகைய பழுதுகளைக் கண்டறிவதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை. திரையில் முதலாவதாகத் தெரிந்த மடலைத் திறந்து, அதிலே கண்ணெதிரே கிடந்த ‘மழை’ என்னும் சொல்லைத் தேடற் கட்டத்தில் இட்டார். எல்லாக் கோப்புறைகளும் தேடலுக்கு உட்பட்டுள்ளனவா என்பதையும் சரிபார்த்துக்கொண்டார். அப்பொழுதும் ‘எவையும் இல்லை’ என்றே விடை வந்தது. உள்ளதென்று அறிந்த ஒன்றையே காணமாட்டாத தேடல், அறியாத ஒன்றைப்பற்றிக் கூறும் ‘இல்லை’க்கு மதிப்பென்ன?

இந்தியத் தருக்க மரபில் இது பழைய வினா. குமாரிலரைப் பின்பற்றிய பாட்ட மீமாஞ்சகர் ‘காணாமை’யையும் அறிவுக்குரிய ஓர் அளவையாகக் கொண்டனர், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் ‘அபாவம்’ எண்ணப்படுகிறது. நிலத்திலே குடம் காணப்படவில்லை. ஆதலால் குடம் இல்லை என்பது இவ்வளவையின் முறை. ஆயின் அதற்கொரு நிபந்தனை உண்டு. குடம் அங்கிருந்தாற் காணப்பட்டிருக்கும் என்னும் நிலை வேண்டும். விளக்கு எரிய வேண்டும்; கண் நலமாயிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் புலப்படாமை குடம் இன்மைக்குச் சான்றாகாது. அது விளக்கு இன்மைக்கே சான்று. இளைய மகள் செய்த சோதனை, அறையில் விளக்கு எரிகின்றதா என்று பார்த்ததேயாகும்.

விளக்கு ஏன் எரியவில்லை? மின்னஞ்சல் மென்பொருள் தேடும்போது ஆயிரக்கணக்கான மடல்களையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதில்லை. மடல் வந்து சேரும்போதே அதிலுள்ள சொற்களைப் பிரித்து, இன்ன சொல் இன்ன மடலில் உண்டு என்று ஓர் அடைவு எழுதி வைத்துக்கொள்கிறது. தேடுவோர்க்கு அவ்வடைவிலிருந்தே விடை தருகிறது. நூலகத்தில் நூலைத் தேடுவோர் அடுக்குகளை நாடாமல் அட்டைப்பெட்டியை நாடுவதைப் போன்றது இது. அட்டை தொலைந்துவிட்டால், நூல் அடுக்கிலே இருந்தும் இல்லாததாகிவிடும். 2022இல் நாடெங்கும் மின்வெட்டு நிலவி, சில நாள்களில் 13 மணிநேரம் வரை நீடித்ததை யாவரும் அறிவர். அக்காலத்தில் ஆசிரியரின் கணினியும் பன்முறை திடீரென அணைந்தது. அடைவு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அது பழுதுறுதல் கூடும். மடல்கள் வேறு, அடைவு வேறு, பழுதுற்றது அடைவே.

இவ்வேறுபாட்டை அறியாமையால் பெருங்கேடு நேர இருந்தது. கணினி திருத்தும் கடையொன்றில் வினவியபோது, யாவற்றையும் அழித்துவிட்டு மென்பொருள்களைப் புதிதாக நிறுவுவதே வழி என்றனர். அவ்வாறு செய்திருந்தால் அட்டைப்பெட்டி பழுதுற்றதற்காக நூலகத்தையே எரித்ததாக முடிந்திருக்கும். இளைய மகள் அதற்கு இசையவில்லை. மடல்கள் அடங்கிய கோப்புறை முழுவதையும் முதலில் வேறொரு வட்டில் படியெடுத்தார். பின்னர் மென்பொருளை மூடி, அடைவுக் கோப்பை மட்டும் அப்புறப்படுத்தி, மீண்டும் திறந்தார். அடைவு காணப்படாமையால் மென்பொருள் அதனைத் தொடக்கத்திலிருந்து எழுதலாயிற்று. இரவு முழுவதும் கணினி அணைக்கப்படாமல் இருந்தது. காலையில் ‘மழை’ என்று இட்டபோது நூற்றுக்கு மேற்பட்ட மடல்கள் வரிசையாய் வந்து நின்றன.

‘மௌலவி’ என்று இட்டபோதும் நான்கு மடல்கள் வந்தன. நான்கும் தம்பியார் எழுதியவை. பள்ளிவாசல் செய்திகள் பற்றியவை. ஆசிரியர் எழுதியது ஒன்றேனும் அவற்றில் இல்லை. கடன் பற்றிய பேச்சும் இல்லை. மூத்த மகன் மனநிறைவுற்றார். தங்கையார்க்கோ அந்நான்குமே புதிய ஐயத்தைத் தந்தன. நாள்தோறும் தம்பிக்கு எழுதியவர் இருபதாண்டில் ஒருமுறையேனும் ‘மௌலவி’ என்று எழுதாதிருப்பாரோ?

ஆசிரியரின் மடல்களைப் புரட்டியபோது அச்சொல் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. தேடலுக்கு மட்டும் தெரியவில்லை. காரணம் தமிழ் எழுத்தின் வடிவிலே மறைந்து கிடந்தது. ஔகாரக் குறியின் பின்பகுதி பார்வைக்கு ‘ள’ என்னும் எழுத்தையே ஒத்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியிற் பழகியவர்கள் கொம்பையும் மகரத்தையும் தட்டி, அடுத்து ளகரத்தைத் தட்டியே ‘மௌ’ எனக் காட்டுவர். ஆசிரியர் கணினியிலும் அப்பழக்கத்தையே கைக்கொண்டார். யுனிகோட் முறையிலோ ஔகாரக் குறிக்குத் தனி எண் உண்டு. ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒன்றாக இட்டாலும், கொம்பும் காலுமாகப் பிரித்து இட்டாலும் இரண்டும் ஒன்றே என்று அம்முறை விதித்துள்ளது. ளகரத்துக்கு அச்சலுகை இல்லை. ஏனெனில் அது முழு எழுத்து. ஆகவே ஆசிரியர் எழுதிய சொல்லைக் கணினி மெகரமும் ளகரமும் அடுத்தடுத்து நின்ற பிறிதொரு சொல்லாகவே அடைவில் எழுதியிருந்தது.

அவ்வாறே தட்டித் தேடியபோது ஆசிரியரின் மடல்கள் பல வெளிப்பட்டன. 2011இல் எழுதிய ஒன்றில், மௌலவியின் மீதிக் கணக்கு முன்பு எழுதியபடியே கிடக்கிறதென்றும், அதனை நினைத்தால் உறக்கம் வருவதில்லையென்றும் அவர் தம்பிக்குத் தெரிவித்திருந்தார். அதனை வாசித்தபின் மூத்த மகன் நெடுநேரம் பேசவில்லை. கடன் உண்டென்பது உறுதியாயிற்று. எவ்வளவு என்பது ‘முன்பு எழுதிய’ மடலில் இருந்தது. அம்மடல் எங்கே?

2006ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மடல்கள் யாவும் திரையில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே தோன்றின. அவை கெட்டுப்போனவை என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். அவை கெடவில்லை, பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. 1991இலேயே யுனிகோட் நியமத்தில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது புழக்கத்துக்கு வருமுன் இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்டது பாமினியே. அதில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. ‘தமிழ்’ என்று கண் வாசிப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகள் மட்டுமே. போர்வை நீங்கினால் எஞ்சுவது குப்பை. தமிழ்நாட்டில் 1999இல் வகுக்கப்பட்ட தாம், தாப் முறைகளும் தஸ்கி முறையும் வழங்கின. அங்கு அரசு 2010இல் யுனிகோட்டை ஏற்றது. இலங்கையில் யுனிகோட்டை அடியாகக் கொண்ட தமிழ் நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்தில் 2008இல் வந்தது. நியமம் வருமுன் எழுதியவை எழுதியவாறே நின்றன.

இளைய மகள் பாமினி எழுத்துருவை நிறுவி, வெற்றுத் தாளொன்றில் ‘கடன்’ என்று தட்டிப் பின்னர் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றினார். எஃப், எல், டி, அரைப்புள்ளி என்று வந்தது. அரைப்புள்ளியை நிறுத்தக்குறி எனக் கொண்டு அடைவு விலக்கிவிடும் என்பதை உணர்ந்து, முதல் மூன்றையும் மட்டும் இட்டுத் தேடினார். 2004ஆம் ஆண்டு மடல் ஒன்று வந்தது. எழுத்துருவைப் போர்த்தியதும் தந்தையின் குரல் கேட்டது போலாயிற்று. வாங்கியது 75,000 ரூபாய், ஐம்பதாயிரம் கொடுத்தாயிற்று, இருபத்தையாயிரம் மீதி.

ஒரு வினா எஞ்சியது. 2011க்குப் பின்னர் அம்மீதி தீர்க்கப்பட்டிருக்கலாமன்றோ? பழைய மடல்கள் யாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றி, எல்லா எழுத்து வடிவங்களிலும், கடன், மீதி, கணக்கு, மௌலவி என்னும் சொற்களனைத்தையும் இட்டுத் தேடினர். தீர்த்ததாக ஒரு குறிப்பும் அகப்படவில்லை. தேடல் இம்முறை சொன்ன ‘இல்லை’ முதல்நாள் சொன்ன ‘இல்லை’ அன்று. விளக்கு எரிந்தது, கண் நலமாயிருந்தது, எதையும் தம்பிக்கு எழுதும் மனிதர், உறக்கத்தைக் கெடுத்த கடன் தீர்ந்ததை எழுதாதிருந்திரார். காணாமை இப்போது சான்றாயிற்று.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தமிழ்ச் சங்கங்களின் மலர்கள், ஆய்வேடுகள், ஊர் வரலாறுகள் எனப் பாமினியில் தட்டச்சாகிய எத்தனையோ ஆக்கங்கள் இன்றும் பழைய வட்டுகளிற் கிடக்கின்றன. அவற்றைத் தேடும் மாணவனுக்கும் கணினி அதே விடையையே தரும். இத்துறையில் எவரும் எழுதவில்லை என்று முடிவு கட்டுமுன், அவன் தேடிய அடைவு எதனை அறியும், எதனை அறியாது என்று கேட்டுக்கொள்ளுதல் தகும்.

பங்கீட்டுக்கு முன்னர் மூத்த மகன் பணத்தையும் இரண்டு மடல்களின் படிகளையும் எடுத்துக்கொண்டு அயலூருக்குச் சென்றார். மௌலவியின் மக்கள் அக்கடனைப்பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை. அவர்கள் கேட்டிராத கடனை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவ்வீட்டுக் கணினியின் ஓரத்தில் இன்று ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. மௌலவி என்பதன் இருவகை எழுத்தும், கடன் என்பதன் மூன்று ஆங்கில எழுத்தும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே மூத்த மகனின் கையெழுத்தில் ஒரு வரி: ‘இல்லையென்று வந்தால் இன்னொருமுறை பார்.’