குரலுக்கு மதிப்பெண்

விடைத்தாள்களுக்கு மதிப்பெண் இட்டே பழகிய எனக்கு, தொலைபேசியில் வரும் குரலுக்கும் மதிப்பெண் உண்டு என்னும் செய்தி வியப்பளித்தது. அதுவும் ஐந்துக்கு! மிக நன்று எனில் 5. மிக மோசம் எனில் 1. அமைதியான அறையில் பலரை அமர்த்தி, தொலைபேசி வழியே வந்த சிறு வாக்கியங்களைக் கேட்கச் செய்வர். ஒவ்வொருவரும் தம் செவி சொன்னபடி எண் இடுவர். அவற்றின் சராசரியே அவ்விணைப்பின் தரம்.

இணைப்புகள் பெருகியபின் ஒவ்வொன்றுக்கும் ஆட்களை அமர்த்த இயலுமா? செவியின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தனர். 2001ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ‘பெஸ்க்’ என்னும் கணிப்பு முறையை ஏற்றது. அனுப்பிய பேச்சையும் வந்து சேர்ந்த பேச்சையும் கணினி பெறும். வழியில் நேர்ந்த காலத்தாழ்வைச் சரிசெய்து இரண்டையும் அருகருகே பொருத்தும். பின்னர் மனிதச் செவி ஒலியை உணரும் விதமாகவே அவற்றை மாற்றி ஒப்பிடும். செவிக்குப் புலப்படாத வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை. முறையின் நுட்பம் இங்குதான் உள்ளது. மூலப்பேச்சே இன்றி, வந்த குரலை மட்டும் கொண்டு மதிப்பிடும் முறையும் 2004இல் வந்தது. விடைக்குறிப்பின்றித் தாள் திருத்துவது போன்றது அது, அத்துணிவை மெச்சுகிறேன்.

ஆயினும் தமிழாசிரியரின் மனம் ஓரிடத்தில் தயங்குகிறது. இணையவழிப் பேச்சு, பெரும்பாலும் 20 மில்லிநொடி அளவுள்ள துண்டுகளாகப் பயணம் செய்கிறது. சில துண்டுகள் வழியில் தொலையும். பேச்சின் இடைநிறுத்தத்தில் தொலைந்தால் இழப்பில்லை. சொல்லின் இறுதியில் தொலைந்தால்? நம் மொழி, வந்தவர் ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றின் கடைசியில் வைத்திருக்கிறது. பேச்சுவழக்கிலோ ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ என்றே ஒலிக்கும். எனவே ‘வந்தான்’ என்பதன் ஈற்றொலி மறைந்தால், குறை இருப்பதே கேட்பவருக்குத் தோன்றாது.

விபத்தில் அடிபட்ட அண்ணன் தங்கை இருவருள், ‘கண்ணு முழிச்சுட்டான்’ என்று மருத்துவமனையிலிருந்து ஒருவர் சொல்ல, ஊரிலிருக்கும் தாய்க்கு ‘கண்ணு முழிச்சுட்டா’ என்று கேட்டால் என்னாகும்? கணினி அவ்விழப்புக்குச் சிறிதளவே மதிப்பெண் குறைக்கும். குரல் எவ்வளவு இனிதாகக் கேட்டது என்பதே அதனிடம் கேட்கப்பட்ட வினா. பொருள் விளங்கிற்றா என்பதன்று.

காலத்தாழ்வின் நிலையும் அதுவே. கடல்கடந்து பணிபுரியும் தந்தையின் குரல் அரைநொடி பிந்தி வந்தால், அவரும் மகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவர், இருவரும் நிறுத்துவர், மீண்டும் இருவரும் ஒருசேரத் தொடங்குவர். ‘பெஸ்க்’ அதற்காக எதையும் குறைப்பதில்லை. அந்த அரைநொடியை அது ஒப்பிடத் தொடங்கும்போதே கழித்துவிட்டது.