மருந்து இல்லாத மலை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பூச்சட்டியைக் கொளுத்தி, "இதுதான் எரிமலை" என்று காட்டினேன். கைதட்டல் அடங்க நேரமானது. காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் செய்த தவறு தெரிந்தது. "எரிமலைக்குள் மருந்து இருக்கும், அது தீப்பிடித்து வெடிக்கும்" என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது.

சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவை. அது எரிகிறது. எரிமலையிலோ எதுவும் எரிவதில்லை. பூமிக்குள் உருகிய பாறை மேலே வருகிறது, அவ்வளவுதான். எரிமலை என்ற பெயரே பிள்ளைகளைத் திசை திருப்பிவிடுகிறது. நான் பூச்சட்டியை வேறு கொளுத்திக் காட்டியிருந்தேன்.

தாளைக் கொடுத்துவிட்டு இதை விளக்கினேன். ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும் வேலை பார்ப்பவர். "மருந்தே இல்லாம எப்படி சார் வெடிக்கும்?" என்றாள். பூச்சட்டி எப்போதம்மா வெடிக்கும் என்று திருப்பிக் கேட்டேன். "வாய் அடைச்சுக்கிட்டா வெடிச்சிரும் சார். புகை வெளிய வர வழி வேணும்ல?"

அந்தப் பதிலை வைத்துத்தான் இன்றுவரை பாடம் நடத்துகிறேன். பாறைக்குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு எல்லாம் கரைந்திருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து அவை குமிழிகளாகப் பிரியும். குழம்பு இளகலாக இருந்தால் வாயு சுலபமாகத் தப்பிவிடும், மலை வழியும். கெட்டியாக இருந்தால் வாயு சிக்கிக்கொள்ளும், மலை வெடிக்கும். குழம்பைப் பெரும்பாலும் கெட்டியாக்குவது அதிலுள்ள சிலிக்கா. அது பாதியளவு மட்டுமே இருக்கும் பசால்ட் குழம்பு, 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் ஓடும்.

இதைக் காட்ட இப்போது நான் கொண்டுபோவது கருப்பட்டிப் பாகு. ஒரு கிண்ணத்தில் இளம்பாகு, இன்னொன்றில் அரிசி மாவு கலந்து இறுகிய பாகு. இரண்டையும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பப்பாளி இலைக் காம்பைக் கொடுத்து ஊதச் சொல்வேன். இளம்பாகில் குமிழி எழும்பி எழும்பி அமைதியாக உடையும். கெட்டிப் பாகில் முதலில் ஒன்றும் நடக்காது. ஊதுகிறவன் கன்னம் உப்பும், கண் பிதுங்கும். பிறகு திடீரென்று பாகு தெறித்துச் சட்டையெல்லாம் ஆகும்.

அடுத்தது தட்டு. நடுவில் ஒரு கரண்டி பாகு ஊற்றி உறையவிட்டு, அதன் மேல் இன்னொரு கரண்டி. பத்துத் தடவை ஊற்றினால் கவிழ்த்துவைத்த ஆப்பம்போல நடு தடித்து ஓரம் மெலிந்து பரவியிருக்கும். கேடய எரிமலை உருவாவதும் இப்படித்தான். பாகு முழுக்க உறைவதற்குள் மேலாடையை விரலால் மெல்லத் தள்ளினால் கயிறு முறுக்கியதுபோலச் சுருக்கம் விழும். ஆறிய பசால்ட் பரப்பிலும் அதே சுருக்கங்களைப் பார்க்கலாம்.

கேடய எரிமலை என்றதும் எல்லோரும் ஹவாயைச் சொல்வார்கள். நான் ரீயூனியன் தீவைச் சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலில், பிரான்சின் ஆட்சியில் உள்ள தீவு. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வம்சத்தார் இன்றும் அங்கே தீ மிதிக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அந்தத் தீவின் எரிமலை பிதோன் த லா ஃபூர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். பதினேழாம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் குழம்பு கக்கியிருக்கிறது.

1977 ஏப்ரலில் குழம்பு சேந்த் ரோஸ் ஊர்ப் பகுதிக்குள் இறங்கி வீடுகளை அழித்தது. மாதா கோயிலைச் சுற்றி வளைத்து அதன் வாசலோடு நின்றது. ஊர் முன்பே காலி செய்யப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கே கண்காணிப்பு நிலையம் வந்தது. மலை சில சென்டிமீட்டர் உப்பினாலும் கருவி சொல்லிவிடும். மலையேறுகிறவர்களை உடனே கீழே இறக்கி, மலைக்குப் போகும் வாயிலை மூடிவிடுவார்கள். 2007 ஏப்ரலில் உச்சியிலிருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. அப்போதும் யாரும் சாகவில்லை.

"அவ்வளவு ஆபத்துன்னா ஏன் சார் அங்க குடியிருக்காங்க?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். கேட்டவுடன் வகுப்பு சற்று அமைதியாகும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, எங்கள் வட்டாரத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதிரிச் செய்தியை வீட்டுக்குள் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பிழைப்பு இருக்கும் இடத்தில் மக்கள் இருப்பார்கள், அளந்தும் எச்சரித்தும் காப்பாற்றுவது ஆள்பவர்களின் கடமை என்று சொல்வேன். எரிமலையைவிட இது முக்கியமான பாடம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும். நம் கரிசலும் எரிமலை மண்தானா? மகாராஷ்டிரத்துக் கரிசல் தக்காணத்து எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழம்பைக் கக்கியதும், இன்று ரீயூனியனுக்கு அடியில் இருப்பதும் பூமியின் ஆழத்திலிருந்து எழும் ஒரே வெப்ப ஊற்று என்பது நிலவியலாளர் பலரின் முடிவு. விருதுநகர்க் கரிசலுக்கு அந்த உறவு இல்லை. இது வறண்ட வெயிலில் நைஸ் பாறை சிதைந்து உண்டான மண். மண்ணின் கறுப்பை வைத்து அதன் பிறப்பைச் சொல்லிவிட முடியாது.

இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் பூச்சட்டி கொளுத்த வேண்டாம். அரைக் கிலோ கருப்பட்டி, ஒரு கைப்பிடி அரிசி மாவு, நாலு பப்பாளிக் காம்பு போதும். ஊதக் கொடுக்கும் முன் பாகு ஆறிவிட்டதா என்று உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்.