கவரிமாவும் மொட்டைப் பூனையும்

மயிர் நீங்கினால் உயிர் தரியாத கவரிமாவை வள்ளுவப் பெருந்தகை நமக்குக் காட்டினார். இளமையில் மனப்பாடம் செய்த அக்குறளை நாற்பதைக் கடந்தபின் அஞ்சத் தொடங்கினேன் என்றால் அன்பர்கள் வியப்புறலாம். அச்சத்திற்குக் காரணம் என் மகள். அது தெளிந்ததற்கு ஒரு வகையில் காரணம் ஒரு பூனை.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தனாகக் கொல்கத்தா வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. லேக் மார்க்கெட்டுக்கு அருகே மாடிக் குடித்தனம். என் மகளுக்கு வயது பன்னிரண்டு. ஒருநாள் காலை தலைவாரும்போது, காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை இருப்பதை என் மனைவி கண்டாள். மூன்று திங்களில் அத்தகைய இடங்கள் பல்கிப் பாதித் தலை வெறுமையாயிற்று. "புழுவெட்டு" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கூறி, சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். இது புழுவின் வேலை அன்று, உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மயிரின் வேரைப் பகையென்று மயங்கித் தாக்குகின்றன, பிறரைத் தொற்றாது, பலருக்கு மீண்டும் வளரும் என்று மருத்துவர் விளக்கினார். ஆயினும் வகுப்பில் உடன் பயிலும் பிள்ளைகளுக்கு யார் விளக்குவது? 'நேடி' என்று அவளுக்குப் பெயரிட்டார்கள். வங்காளியில் மொட்டைச்சி என்று பொருள். நம் சங்கத்தின் குறள் ஒப்புவித்தல் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரைத் திரும்பப் பெறச் சொன்னாள். அவ்வாண்டு குறித்திருந்த அதிகாரம் 'மானம்'.

"அப்பா, மயிர் போனால் மானம் போய்விடுமா?" என்று ஒரு மாலை கேட்டாள். பி.ஏ. வரை தமிழை விரும்பிப் பயின்றவன் நான்; விடை கூற நா எழவில்லை.

அந்நாளில்தான் கீழ்வீட்டு மாஷிமாவிடம் அப்பூனை வந்து சேர்ந்தது. வெளியூர் மாற்றலான மகன் தாம் வாங்கி வளர்த்ததை அன்னையிடம் விட்டுச் சென்றார். முதன்முறை கண்டபோது, தீக்காயம் பட்ட பிராணி என்றே எண்ணி இரங்கினேன். மயிரற்ற உடல், நெற்றியிலும் தோளிலும் முதியவர் கைபோல் சுருக்கங்கள், முகத்திற்குப் பொருந்தாத பெருஞ்செவிகள், மீசையும் இல்லை. தொட்டுப் பார்த்தால், உண்மையில் முற்றும் மொட்டை அன்று. கண்ணுக்குப் புலப்படாத மென்பூ மயிர் தோலெங்கும் பரவியிருக்கிறது. வெந்நீர்ப் பை போன்ற வெதுவெதுப்பு வேறு!

இவ்வினத்திற்கு ஸ்ஃபிங்ஸ் என்று பெயர். எகிப்திய மணற்பரப்பில் கிடக்கும் சிலையின் சாயலால் வந்த பெயரேயன்றி எகிப்துக்கும் இதற்கும் உறவில்லை. 1966இல் கனடாவின் டொரான்டோ நகரில் சாதாரண வீட்டுப் பூனை ஒன்று மயிரற்ற குட்டியை ஈன்றது. அவ்வழி நிலைக்கவில்லை. பின்னர் 1975, 1976 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் பண்ணை ஒன்றிலும், 1978இல் மீண்டும் டொரான்டோத் தெருவிலும் தோன்றிய மொட்டைக் குட்டிகளே இன்றைய இனத்திற்கு முன்னோர். மயிருக்குரிய கெராட்டின் புரதத்தை ஆக்கும் மரபணு ஒன்றில் நேர்ந்த பிறழ்வு இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பிறழ்வு வந்தாலன்றிக் குட்டி மொட்டையாவதில்லை.

ரஷ்யாவின் ராஸ்தோவ் நகரத்துக் கதை என் நெஞ்சில் தைத்தது. 1987இல் சிறுவர் சிலர் துன்புறுத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி ஒன்றை ஒரு பெண்மணி மீட்டு வளர்த்தார். சில திங்களில் அதன் மயிர் உதிரலாயிற்று. நோயென்று கருதிச் செய்த மருத்துவம் பலிக்கவில்லை. ஆனால் பூனை நலமாகவே வாழ்ந்து குட்டிகளையும் ஈன்றது. அவற்றுள்ளும் மயிர் உதிர்ந்தவை இருந்தன. தோன்ஸ்கோய் என்ற தனி இனமே அதன் வழி வந்தது.

மாஷிமாவின் பூனை தனிமையைப் பொறுக்காது. யார் வந்தாலும் வாயிலுக்கு ஓடிவந்து மடியில் ஏறும். உடற்சூட்டை மயிர் காக்காமையால் உணவும் மிகுதியாய் வேண்டும். தோலில் ஊறும் எண்ணெயை உறிஞ்ச மயிரில்லை. ஆதலால் வாரம் ஒருமுறை குளிப்பாட்டாவிடில் பிசுபிசுக்கும். திசம்பரில் கொல்கத்தா வாசிகள் குரங்குக் குல்லாய் அணியும்போது இதற்கும் ஒரு கம்பளிச் சட்டை. மயிரில்லாமையால் ஒவ்வாமை வராது என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவர். ஒவ்வாமை தரும் பொருள் எச்சிலிலும் உள்ளது. இதயத்தசை தடிக்கும் நோயும் இவ்வினத்தில் காணப்படுகிறது. குறையையே அழகென்று பெருக்குவது முறையா என்ற வினாவும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் இத்தகைய பூனைகளை இனப்பெருக்கம் செய்யத் தடை விதித்திருக்கிறார்கள். அத்தடையில் நியாயம் உண்டென்றே எண்ணுகிறேன். ஆனால் பிறந்துவிட்ட உயிரை என் செய்வது? அதற்கு மடி ஒன்று வேண்டுமல்லவா?

நான் ஒரு பிழை செய்தேன். மகளை அழைத்துச் சென்று பூனையைக் காட்டி, "பார், மயிரில்லாமலும் எத்தனை மகிழ்ச்சியாய் இருக்கிறது!" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பூனை பள்ளிக்கூடம் போவதில்லை அப்பா" என்றாள். அதன்பின் அறிவுரை கூறுவதை விட்டேன்.

அவளாகவே கீழே செல்லத் தொடங்கினாள். மாஷிமாவுக்கு முழங்கால் வலி. ஞாயிறுதோறும் பூனையைக் குளிப்பாட்டும் பொறுப்பை அவள் ஏற்றாள். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே ஊர்தி. எனவே மாஷிமா அதை வைது நான் கேட்டதில்லை. அதற்கு அவர் இட்ட செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'நேடா'! மொட்டை! "வா நேடா, சாப்பிடு நேடா" என்று நாள் முழுதும் கொஞ்சுவார். என் மகளை "மா" என்று அழைப்பார். பள்ளியில் சுட்ட அதே சொல் அவ்வீட்டில் குளிர்ந்தது. சொல்லில் நஞ்சில்லை, சொல்பவர் நெஞ்சில் என்பதை நான் கூறாமலே அவள் உணர்ந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு ஈரக்கையோடு மேலே வந்தவள் குறள் நூலை எடுத்தாள். அவ்வதிகாரத்தில் கவரிமா மட்டுமன்று, நான்காம் குறளில் நிலையினின்று தாழ்ந்தவரைத் தலையினின்று உதிர்ந்த மயிருக்கு ஒப்பிடுகிறார் ஆசிரியர். அதை அவள் படிக்கலாகாதே என்றுதான் நான் கலங்கியிருந்தேன். அவளோ விரலை அங்கேயே வைத்து, "அப்பா, இழிந்தது மயிர்தானே? தலையை ஒன்றும் சொல்லவில்லையே. தலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது" என்றாள்.

எத்தனை உரைகளைப் புரட்டியிருக்கிறேன்! இவ்வுரை எனக்குத் தோன்றியதில்லை. இழிந்த செயலைச் செய்யாமையே மானம். கவரிமா அதற்கு ஓர் உவமை என்று அன்று நானும் விளக்கினேன். அவள் பொறுமையோடு கேட்டாள்.

போட்டியன்று தலையில் துணி கட்டிக்கொண்டுதான் மேடை ஏறினாள். நான்காம் குறளைத் தடையின்றிச் சொன்னாள், ஏழாவதில் தடுமாறினாள், ஒன்பதாவதை உரக்கச் சொன்னாள். பரிசு கிடைக்கவில்லை. இப்போது காதோரத்தில் மயிர் அரும்பியிருக்கிறது; உச்சியில் இன்னும் இல்லை. வருமா என்று நாங்கள் நாள்தோறும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

அன்று முன் வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், எல்லோருக்கும் முன்னதாகக் கைதட்டியவர் மாஷிமா.