வரக்காப்பொலையில் ஒரு சித்திரை

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பெருவீதியில் பிரயாணம் செய்கிறவர்களில் பலருக்கு வரக்காப்பொல ஓர் ஊர் அன்று; ஒரு தின்பண்டம். எள்ளையும் கருப்பட்டியையும் சேர்த்திடித்து, விரற்கடை அளவு உருட்டி, காகிதத்திற் சுற்றிய தலகுலியை வாங்குவதற்காகவே வாகனங்கள் அங்கே நிற்கின்றன. நம் வீட்டு எள்ளுருண்டைக்கு அது நெருங்கிய உறவு. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் இந்த வீதியில் எவ்விடத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். நிட்டம்புவையும் பஸ்யாலையும் கடந்ததும் கஜுகமவில் வறுத்த முந்திரிப் பருப்பின் மணம் எழும். அதற்கப்பால் வேவல்தெனியவில் பிரம்பு நாற்காலிகளும் கூடைகளும் வீதியோரத்தில் அடுக்கியிருக்கும். பின்பு வருவது தலகுலி. ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தூரத்தை மூன்று பண்டங்களால் அளந்துவிடலாம் என்பது நமது கணக்கு.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில தினங்களே இருந்தபோது நாம் அவ்வழியே சென்றோம். அம்பேபுஸ்ஸவிலே, கண்டி வீதி போடப்பட்ட பழைய ஆங்கிலேயர் காலத்துத் தங்கும் விடுதியைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதே நமது உத்தேசம். ஆனால் வரக்காப்பொலைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையிற் குந்தியது உத்தேசத்தைக் குலைத்துவிட்டது. அங்கே ஒரு மகாநாடு நடந்துகொண்டிருந்தது.

பேச்சு கிரிக்கட்டைப் பற்றியது. நமது அணி பங்களாதேஷுக்குப் போய் இரண்டு டெஸ்ட் பந்தயங்களையும் வென்றிருந்தது. சில்ஹெட்டில் 328 ஓட்டங்களாலும், சட்டோகிராமில் 192 ஓட்டங்களாலும். சில்ஹெட்டில் தனஞ்சய டி சில்வாவும் கமிந்து மெண்டிசும் ஒரே பந்தயத்தில் ஆளுக்கு இரண்டு சதங்கள் அடித்திருந்தார்கள். சட்டோகிராமிலோ ஒருவர்கூடச் சதம் அடிக்காமலே மொத்தம் 531 ஓட்டங்கள் சேர்ந்தன. இவற்றையெல்லாம் கடை முதலாளி பஞ்சாங்கம் படிப்பவர்போல் எடுத்தோதிவிட்டு, ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் நடைபெறவிருந்த இருபது ஓவர் உலகக் கிண்ணம் நமக்கே என்று தீர்ப்பளித்தார். அவர் பேசியது சிங்களம்; பாண் வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் ஆமோதித்தது தமிழில்; மூலையிலிருந்த வயோதிப முஸ்லிம் வியாபாரி மறுத்தது இரண்டிலும்.

மறுப்பதற்கும் நியாயம் இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பு, 2023 நவம்பர் 2ஆந் திகதி, உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக பம்பாய் வாங்கடே மைதானத்தில் இதே அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அதற்கு முந்திய செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 50 ஓட்டங்கள். பத்து நாடுகள் ஆடிய உலகக் கிண்ணத்தில் ஒன்பதாவது இடம். போதாக்குறைக்கு, நிர்வாகத்தில் அரசாங்கம் தலையிட்டதென்று சர்வதேச கிரிக்கட் சபை நமது சபையின் அங்கத்துவத்தையே இடைநிறுத்தி, 2024 ஜனவரியில்தான் விலக்கிக்கொண்டது. இத்தனைக்கும் பின்னர், சித்திரை பிறந்தால் கிண்ணம் நமது! பங்குனி மாதத்துக் கடனைச் சித்திரை மாதத்து நம்பிக்கையால் அடைக்கிற வித்தை நம் நாட்டாருக்கு மட்டுமே கைவந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். அமெரிக்காவிலும் அப்படித்தானாம். சிக்காகோ நகரத்துக் கப்ஸ் என்னும் பேஸ்பால் கோஷ்டி 1908ஆம் ஆண்டில் வென்ற பட்டத்தை மீண்டும் வெல்ல 2016 வரை 108 வருடங்கள் சென்றன. அத்தனை வசந்த காலங்களிலும் அந்நகரத்தார் 'இவ்வருடம் பாருங்கள்' என்றே சொல்லி வந்திருப்பார்கள்.

தோட்டப் பாடசாலை ஒன்றிற் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் அக்கடையில் எம்மைக் கண்டுகொண்டார். "பேச்சைக் கேட்டது போதும், ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள்" என்று பிரதான வீதியை விட்டுச் சில மைல் தூரம் உள்ளே அழைத்துச் சென்றார்.

கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பேர்போனது. தேயிலை மலைகளில் உள்ள திறந்த வெளியும் காற்றும் இங்கே இல்லை. இறப்பர்த் தோட்டத்துக்குள் நடப்பது தூண்கள் நிறைந்த பெரிய கோவிலுக்குள் நடப்பது போன்றது. பிரேசில் நாட்டு விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876ஆம் ஆண்டில் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை பலரும் அறிந்ததே. நாம் சென்றபோது மரங்கள் இலையுதிர்த்து மீண்டும் தளிர்த்திருந்தன. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்தாலோ வெட்டே இல்லை. வெட்டில்லாத நாளில் பேரும் இல்லை. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாட் சம்பளம். ஆகையால் இங்குள்ளவர்கள் வானத்தைப் பார்ப்பது, டெஸ்ட் பந்தயத்தின் ஐந்தாம் நாளில் ஆட்டக்காரர்கள் பார்ப்பதைக் காட்டிலும் கவலையோடுதான்.

பிரட்டுக் களத்தில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். துடுப்பு, தென்னை மட்டையைச் செதுக்கியது. பந்தைத்தான் நாம் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தோம். வெட்டுக் காயத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்த கருநிறப் பந்து. தரையிற் போட்டால் ஆளுயரத்துக்கு எழும்புகிறது. எத்திசையில் என்று பிரமதேவனாலும் சொல்ல முடியாது. "இதிலே ஆடிப் பழகினவனுக்கு எந்தப் பந்தும் பயமில்லை" என்றார் ஆசிரியர். பந்து வீசிய பையன் பத்திரனவைப்போலக் கையைத் தாழ்த்திச் சுழற்றி எறிந்தான். ஆட்டமிழந்தவன் தான் ஆட்டமிழக்கவில்லை என்று வாதாடினான். அந்த வாதத்தைத் தீர்க்கவேண்டிய நடுவர், களத்தின் ஓரத்தில் சாக்கை விரித்து அமர்ந்திருந்த ஒரு பெரியவர்.

வயது எழுபதுக்கு மேல். நாற்பது வருடங்கள் பால் வெட்டி ஓய்ந்தவர். "வாங்க ஐயா, உக்காருங்க" என்று சாக்கில் பாதியை எமக்கு ஒதுக்கினார். இலங்கை அணியைப் பற்றி அவரிடம் கேட்டது ஆறு மாதத்துக்குத் திறக்காத மதகைத் திறந்ததுபோல் ஆயிற்று.

அவர் கணக்கு 1975இல் ஆரம்பிக்கிறது. அவ்வருடம் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில், லண்டன் ஓவல் மைதானத்தில், அவுஸ்திரேலியாவின் ஜெப் தாம்சன் வீசிய பந்துகளால் துலிப் மெண்டிசும் சுனில் வெத்தமுனியும் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 328 ஓட்டங்களைத் துரத்திய நமது கோஷ்டி அப்படியும் நான்கு விக்கட்டுகளை மட்டும் இழந்து 276 வரை போயிற்று. கணக்கப்பிள்ளை வீட்டு வானொலியைச் சுற்றி நின்று அதைக் கேட்டாராம். இங்கிலீசு விளங்காது. "மெண்டிஸ், மெண்டிஸ்னு சொல்றது மட்டும் வெளங்கும். அப்புறம் கணக்கப்பிள்ளை ஐயா மொகத்தைப் பாத்துக்குவோம்" என்றார்.

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் தோல்விகளே. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்திடம் தோல்வி. ஒரு தமிழர் பெயர் தாங்கிய அதே மைதானத்தில்தான் 1985 செப்டெம்பரில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வீழ்த்தி முதலாவது டெஸ்ட் வெற்றி. அந்நிய மண்ணில் ஒரு டெஸ்ட்டை வெல்லவோ 1995 வரை, நியூசிலாந்தின் நேப்பியர் நகரம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1987 உலகக் கிண்ணத்தில் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. பெரியவருக்கு மிகவும் வலித்தது 1992 ஆகஸ்ட் என்றார். அவுஸ்திரேலியாவை முதல் இன்னிங்சில் 291 ஓட்டங்கள் முந்திவிட்டு, கடைசியில் 181 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் 16 ஓட்டங்களால் தோற்ற பந்தயம் அது. "அன்னைக்கு ராத்திரி லயத்திலே யாரும் சோறு திங்கல ஐயா." சற்று மிகையாக இருக்கலாம், ஆயினும் அவர் சொன்ன விதத்தில் நாமும் நம்பிவிட்டோம்.

அதே ஆகஸ்டின் இறுதியில், அடுத்த டெஸ்ட்டில், முத்தையா முரளிதரன் என்ற கண்டிப் பையன் முதன்முறையாகப் பந்து வீசினான். அவனுடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இச்செய்தி லயங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை எழுதிக் காட்டவேண்டியதில்லை. 1995 டிசம்பரில் மெல்பேர்ன் நகரில் நடுவர் அவன் பந்து வீச்சைப் பிழையென்று ஏழு தடவை கை நீட்டியபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவன் பக்கம் நின்றதைப் பெரியவர் இன்றும் கைகூப்பிச் சொல்கிறார். அந்தக் கைகூப்பலின் பொருள் எமக்குப் பிறகுதான் விளங்கிற்று.

பெரியவருக்கு ஒரு தம்பி உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியதும், 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதும் மாணவர்கள் பாடப் புத்தகத்திற் படித்திருப்பார்கள். பாடப் புத்தகத்தில் அது எண். இவ்வீட்டில் அது அண்ணன் தம்பி. தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான். அண்ணனுடைய மனு எங்கோ தங்கிவிட்டது. 1980இல் பொல்காவலையில் தம்பியை ரயிலேற்றிவிட்டு வந்தார். தலைமன்னார் போகும் அந்த ரயிலை மலையகத்தார் அழுகைக் கோச்சி என்றே அழைத்தனர். அங்கிருந்து கப்பல், பின்பு நீலகிரியில் கூடலூர், மறுபடியும் தேயிலை.

"1996 ஞாபகம் இருக்கா ஐயா?" என்று கேட்டார். ஞாபகமில்லாத இலங்கையர் யார்? கொழும்பிலே குண்டு வெடித்ததால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆட வர மறுத்தன. மார்ச் 6ஆந் திகதி கண்டியில் கென்யாவுக்கு எதிராக 398 ஓட்டங்கள். 13ஆந் திகதி கல்கத்தாவில் அரையிறுதி. இந்தியாவின் விக்கட்டுகள் சரியவே சனங்கள் போத்தல் எறிந்து தீயும் மூட்ட, ஆட்டம் இலங்கைக்கே என்று தீர்ப்பாயிற்று. 17ஆந் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா மூன்று விக்கட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களுள் பெரியவரும் ஒருவர். அன்று அவர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். அடையாள அட்டை அவர் கைக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே. "அட்டை இல்லாமலேயே நம்ம டீம்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். யாரும் தடுக்கல" என்று சிரித்தார்.

அம்மாதக் கடைசியில் கூடலூரிலிருந்து கடிதம் வந்ததாம். அரையிறுதியன்று தம்பியின் மகன் தேம்பித் தேம்பி அழுதானாம். அங்கே பிறந்த பிள்ளை, இந்தியா தோற்றது பொறுக்கவில்லை. அவனைத் தேற்றுவதா, எழுந்து குதிப்பதா என்று தெரியாமல் தம்பி வெளியே போய்த் தேயிலைக்குள் நின்றாராம். அக்கடிதத்தைப் பெரியவர் இன்னும் வைத்திருக்கிறார். ஆனால் எமக்குக் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை.

விடைபெறும்போது, "ஜூன்ல பாருங்க ஐயா, கிண்ணம் வந்துரும்" என்றார் பெரியவர். கடை முதலாளியின் வாக்கை நகைத்த நாம், இவரிடம் "வரத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டோம். அம்பேபுஸ்ஸ விடுதியைப் பார்க்க அன்று வெளிச்சம் மிஞ்சவில்லை.

கிண்ணம் வரவில்லை. ஜூன் 3ஆந் திகதி நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 77 ஓட்டங்களுக்குச் சகலரும் ஆட்டமிழந்தனர். இருபது ஓவர் ஆட்டங்களில் இலங்கை அதுவரை எடுத்தவற்றுள் அதுவே மிகக் குறைந்தது. அடுத்து பங்களாதேஷிடம் தோல்வி. நேபாளத்துடனான ஆட்டத்தை மழை கொண்டுபோயிற்று. நெதர்லாந்தை வென்றதால் ஒன்றும் ஆகவில்லை. முதற் சுற்றோடு திரும்பினார்கள்.

ஆனால் ஆகஸ்டில் இந்திய அணி கொழும்புக்கு வந்தது. கெத்தாராமவில் முதல் ஆட்டம் 230க்கு 230 என்று சமனாயிற்று. இரண்டாவதில் ஜெப்ரி வெண்டர்சே 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கட்டுகளைப் பறித்தார். மூன்றாவதில் துனித் வெல்லாலகே 27க்கு ஐந்து. 110 ஓட்டங்களால் வெற்றி. இந்தியாவுக்கு எதிராக ஒருநாள் தொடர் ஒன்றை இலங்கை வென்றது 1997க்குப் பின் அதுவே முதற்றடவை.

அந்த வாரமே நாம் மறுபடி அவ்வழி சென்றோம். கடையில் முதலாளி 2027 உலகக் கிண்ணத்தை வென்றுவிட்டிருந்தார். தோட்டத்திலோ மழை, வெட்டில்லை. சிறுவர்கள் ஸ்டோர்த் தாழ்வாரத்தில் ஒட்டுப்பால் பந்தைச் சுவரிலடித்து ஆடினார்கள். ஏப்ரலில் பத்திரனவாக இருந்த பையன் இப்போது வெண்டர்சேயாகிவிட்டான்.

பெரியவர் எம்மைக் கண்டதும் 77ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த இரவே பேரனின் கைத்தொலைபேசியில் கூடலூருக்கு அழைத்தாராம். "இருபத்தேழு வருஷமாச்சே, என்னடா சொல்றேன்னு கேட்டேன்" என்றார்.

"தம்பி என்ன சொன்னார்?"

"அவனா? எங்க பக்கம் நல்ல மழைண்ணே, கொழுந்தெல்லாம் பரவாயில்லைன்னான். நான் மேட்ச்சைப் பத்திக் கேக்குறேன், அவன் திரும்பத் திரும்ப மழையைப் பத்தியே பேசுறான்." பெரியவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, அணி இங்கிலாந்துக்குப் புறப்படுகிறது என்றும், மூன்றாவது டெஸ்ட் அந்த ஓவல் மைதானத்தில்தான் என்றும், அதை மட்டும் விடாமல் பார்க்கவேண்டும் என்றும் சொல்லி, எம்முடைய சாக்குப் பாதியில் மழை சொட்டுவதைக் கண்டு சற்றே நகர்ந்துகொண்டார்.