எங்கள் வீடுகளைக் கட்டியவர்களுக்கு

கண்ணமங்கலத்து நெசவு வீடுகளைக் கட்டிய கல்தச்சர்களுக்கும், கொத்தனார்களுக்கும், தச்சர்களுக்கும், தளம் தட்டிய பெண்களுக்கும் வணக்கம்.

உங்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆரணிப் பக்கம் வருகிறவர்கள் சத்தியவிஜயநகரத்து ஜாகிர்தார் அரண்மனையைத்தான் படம் பிடிக்கிறார்கள். நெசவாளி வீட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால்தான் இந்த மடல். ஆள் குடியிருக்க மட்டுமா கட்டினீர்கள்? பட்டு நூலும் குடியிருக்க அல்லவா கட்டினீர்கள்!

பட்டுக்கு ஈரப்பதம் வேண்டும். காற்று காய்ந்துபோனால் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். அதற்காகத்தான் தறிக்குழிக்கு மண்தரை விட்டீர்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரையிலும் குழிக்குள் காலை வைத்தால் குளிர்ச்சி தெரியும். நாடா போய்வரும் இடத்தில் இழை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று முற்றத்து வெளிச்சத்தைத் தறி வரைக்கும் கொண்டுவந்தீர்கள்.

தறிக்கு நல்லதான அதே ஈரம் சுவரில் ஏறினால் வீட்டுக்குக் கேடு. அதனால் அடித்தளத்துக்குக் கருங்கல். பாறையில் உளியால் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு அடித்துப் பிளந்த கல் அது. திண்ணைத் தூணுக்கும் அதே கல்தான். மழைச்சாரல் எத்தனை வருடம் அடித்தாலும் இற்றுப்போகாது.

கூரைதான் உங்கள் கைவண்ணத்தின் உச்சம். மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டினீர்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கினார்கள். கடைசியில் தட்டை ஓடு பதித்தீர்கள். அந்தத் தளத்தின் கீழே மத்தியானத்திலும் தறி ஓடியது. எங்களுக்குச் சோறு போட்டதில் உங்கள் கைக்கும் பங்குண்டு.

இப்படிப்பட்ட பழைய வீடுகளைச் சட்டம் காக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களின் பழைய கல்வீடுகளில் பல பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுக்காரரே ஆனாலும் அனுமதியில்லாமல் அவற்றின் தோற்றத்தை மாற்ற முடியாது. தமிழ்நாட்டிலும் 2012-இல் மரபுரிமை ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் தெருவோரத்துச் சாதாரண வீட்டின் ஆயுள் அதில் குடியிருப்பவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தால் அதன்மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துச் சுவரைத் தின்னவிடும். தளம் ஒழுகினால் இடிக்க ஆள் தேடுவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கட்டியவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுதான்.

இப்படிக்கு,
நெசவு வீட்டில் பிறந்த ஒருவன்,
கண்ணமங்கலம்