எண்ணெய் என்று கேட்டேன், தைலம் என்று கேட்டிருக்க வேண்டும்

சென்ற மார்கழியில் அம்மா மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து என்னோடு பெங்களூருவில் தங்கியிருந்தார். இவ்வூர்க் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கடைப்புக்காக நாள்தோறும் இருவேளை ஆவி பிடித்தார். கொதிநீரில் நீலகிரித் தைலம் சில துளிகள், கூடவே ஒரு கற்பூர வில்லை. இரவில் தலையணை ஓரத்திலும் இரண்டு துளி. அறை முழுவதும் உதகைச் சாலையின் மணம். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அம்மாவுக்கு இளம் வயதிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. மாத்திரை தவறாதவர். ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூட வந்ததில்லை. நான்காம் நாள் காலை, ஆவி பிடித்து எழுந்த சிறிது நேரத்தில் வந்தது.

மருத்துவர் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். மாத்திரை தவறியதா, உறக்கம் கெட்டதா, காய்ச்சல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டுவந்தவர், 'எசென்ஷியல் ஆயில்' ஏதேனும் பயன்படுத்துகிறாரா என்றும் கேட்டார். நான் அம்மாவிடம், "எண்ணெய் ஏதாவது தேய்க்கிறீங்களாம்மா?" என்றேன். "வெள்ளிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறதுதாங்க" என்று அம்மா நேரே மருத்துவரைப் பார்த்துச் சொன்னார். நான் அதை 'இல்லை' என்று மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவன் செய்த மொழிபெயர்ப்பு அது.

அந்த 'இல்லை'க்குப் பின்னும் ஆவி பிடித்தல் தொடர்ந்தது. ஐந்து நாள் கழித்து வலிப்பு மீண்டும் வந்தது. மறுமுறை சென்றபோது மருந்தின் அளவைக் கூட்டி எழுத மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார். அந்நேரம் அம்மா கைப்பையிலிருந்து சிறு புட்டியைத் திறந்து முகர்ந்தார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "இதைத்தானே அன்றைக்குக் கேட்டேன்" என்றார்.

வீடு திரும்பிய பிறகு பல நாள் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் என்பது எள்ளின் நெய். தைலம் என்பதும் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததே. பாட்டி காலத்துத் தைலம் என்றால் மூலிகைகளை இட்டு நல்லெண்ணெயில் காய்ச்சியது. உள்ளங்கை நிறைய எடுத்து உடலெங்கும் தேய்ப்பார்கள். நீலகிரித் தைலத்தில் எள்ளும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. யூகலிப்டஸ் இலைகளுக்குள் நீராவியைச் செலுத்தி, ஆவியாகிவரும் சாரத்தைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது. நூறு கிலோ இலைக்கு ஓரிரு கிலோ கிடைத்தாலே அதிகம். அதில் பெரும்பங்கு சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்த மரத்தின் வடிசாரத்துக்கு நாம் பழைய பெயரையே சூட்டினோம். பெயரோடு பழைய தைலத்தின் நம்பிக்கையும் சேர்ந்து வந்துவிட்டது.

இணையத் தமிழோ இன்னும் ஒரு படி மேலே போய் இதை 'அத்தியாவசிய எண்ணெய்' என்கிறது. மூலச்சொல்லில் உள்ள 'எசென்ஸ்' சாரத்தைக் குறிப்பது, தேவையை அன்று. இன்றியமையாத எண்ணெய் என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் ஐயம் எழும்?

செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியலாளர்கள் இந்தப் பொருள் குறித்து இதே பெங்களூருவிலிருந்துதான் எழுதிவருகிறார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். யூகலிப்டஸ் எண்ணெயை முகர்ந்தபின் வலிப்பு வந்தவர்களைப் பற்றி 2017இல் ஒரு கட்டுரை வந்தது. 2021இல் வெளியான பெரிய ஆய்வு, தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடந்தது. வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு அது யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த பொருள்களோடு தொடர்புடையதாகக் கணித்திருக்கிறார்கள். அவர்களுள் முன்பு வலிப்பே வராதவர்களும் உண்டு, அம்மாவைப் போல் கட்டுக்குள் இருந்து மீண்டும் வந்தவர்களும் உண்டு.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். இது வலிப்பு வந்தவர்களுக்குள் கண்ட விழுக்காடு. தைலம் முகர்பவர்களில் எத்தனை பேருக்கு வலிப்பு வரும் என்பதை இது சொல்லாது. கோடிக்கணக்கானோர் ஆவி பிடித்துவிட்டு அலுவலகம் போகிறார்கள். எல்லா நறுமண எண்ணெய்களும் ஒரே தன்மையுடையவை என்பதும் இல்லை. 1916இல் போரால் ஐரோப்பிய ஏற்றுமதி தடைப்பட்டபோது, இவ்வூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியலாளர்கள் உதவியோடு மைசூர் அரசு வடிக்கத் தொடங்கிய சந்தன எண்ணெயை யாரும் இந்தக் குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை. கற்பூரத்தின் மீதுள்ள குற்றச்சாட்டோ மிகப் பழையது. விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் நெடுங்காலமாக உள்ளன.

அம்மாவுக்கு வந்ததற்கு அதுவே காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மருந்தைக் கூட்டாமல், தைலத்தையும் கற்பூரத்தையும் நிறுத்திப் பார்ப்போம் என்றார். நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை வரவில்லை.

பெற்றோருக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்து நிற்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எண்ணெய்' என்று கேட்காதீர்கள். தைலம், பாம், கற்பூரம், மூக்கில் உறிஞ்சும் குழல், ஆவி நீரில் போடும் மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றை யாரும் மருந்தென்றோ எண்ணெயென்றோ நினைப்பதில்லை. கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரம் தடவும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அம்மாவே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, பச்சிளங்குழந்தை இருக்கும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டார். என்னைவிடத் தெளிவாகவே சொன்னார்.

இப்போது வெறும் வெந்நீரில்தான் ஆவி பிடிக்கிறார். மணமே இல்லாமல் அது என்ன ஆவி என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது புட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டு, "கொட்டிப்போடாதே கண்ணு, காசு குடுத்து வாங்கினது" என்றார். மூடியை இறுக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.